நாளை வரை கடிக்கக் கூடாது

திரை இன்னும் விலகவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பல் மருத்துவர் தன் முன்பல்லை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவள் பல்லுக்கு ஒன்றுமில்லை. திரைக்குப் பின்னால் நிற்பவரின் பல்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

பக்கத்து இருக்கையில் மாமனார். சேவைச் சங்கத்தின் இந்த ஆண்டுத் தலைவர். ரத்ததானம், கண் பரிசோதனை என்று போய்க்கொண்டிருந்த சங்கத்தை, "ஒரு தடவையாவது காதுக்கு ஏதாவது செய்வோம்" என்று சம்மதிக்க வைத்து, கடல் கடந்து ஒரு ஜாஸ் கலைஞரை வரவழைத்தவர். அரங்கம் நிரம்பிச் சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். வாசலில் தொடங்கி கழிப்பறைக் கதவு வரை சுவரொட்டி. அதில் ஆளுயரத்துக்கு ஒரு சாக்சஃபோன்.

மதிய விருந்தில் பொருளாளர் வீட்டம்மா அன்போடு வைத்த எலும்பைக் கலைஞர் அதே அன்போடு கடித்தார். மேல்வரிசையில் முன்பல்லுக்குப் போட்டிருந்த கேப் எலும்போடு வந்துவிட்டது.

"நம்ம வீட்லயே டாக்டர் இருக்கப்ப என்னங்க கவலை" என்று அத்தனை உறுப்பினர்கள் முன்னால் சொன்ன மாமனார், அவரை நேரே மருமகளின் கிளினிக்குக் கூட்டிவந்துவிட்டார்.

கேப்பை ஒட்டுவது பெரிய வித்தையல்ல. உள்ளே ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்டி, பல்லை ஈரம் போகத் துடைத்து, புதுப் பசை தடவி அழுத்திப் பிடித்தால் சற்று நேரத்தில் நின்றுவிடும். ஆனால் நிற்பது வேறு, இறுகுவது வேறு. சுவரில் பூசிய சிமெண்ட் மாதிரிதான். தொட்டால் காய்ந்தது போலிருக்கும். ஆணி அடித்தால் தெரியும் சேதி. அதனால்தான் வருகிற ஒவ்வொருவரிடமும், "நாளைக்கு வரைக்கும் அந்தப் பல்லால எதையும் கடிக்காதீங்க" என்று சொல்லி அனுப்புவாள்.

சாக்சஃபோன்காரர் எப்படிக் கடிக்காமல் இருப்பார்?

அதை உதட்டால் ஊதுகிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. கீழுதட்டைக் கீழ்ப்பற்களின் மேல் மடித்து மெத்தையாக்கி, மேல் முன்பற்களைக் குழாயின் முனைமீது நேராக ஊன்ற வேண்டும். மூச்சுப் பட்டதும் அடியிலிருக்கும் மெல்லிய நாணல் பட்டை துடிக்கும். அந்தத் துடிப்பு பல் வழியே மண்டையோடு வரை ஏறும். வாசிப்பவர் தன் இசையைக் காதால் மட்டுமல்ல, எலும்பாலும் கேட்கிறார்.

மாமனார் போனில் சேதி சொன்னதும், கலைஞர் வந்து சேர்வதற்குள் இதையெல்லாம் தேடிப் படித்த அவள், என்ன அழகான ஏற்பாடு என்று வியந்தாள். வியந்த கையோடு பசைப் பெட்டியிலிருந்த குறிப்பையும் எடுத்துப் படித்தாள். இறுகாத பசைக்கு இதைவிடப் பொல்லாத சோதனை கிடையாது.

பல் மருத்துவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாய் நிறையப் பஞ்சை அடைத்த பிறகுதான் கேள்வி கேட்பார்கள்.

"வாசிக்கிறதுக்கு இந்தப் பல்லுதான் முக்கியம், இல்லீங்களா?"

கலைஞர் "ஆங், ஊங்" என்று தலையை வேகமாக ஆட்டி, பத்து விரல்களையும் காற்றில் நெளித்துக் காட்டினார். சாக்சஃபோனில் விரலுக்கும் வேலை உண்டுதானே.

"தெரியும் சார், தெரியும். கையைக் கீழ வைங்க."

பஞ்சை எடுத்தபோது அவர் உதடு மரத்திருந்தது. மொழியும் அவருக்கு அரைகுறை. ஏதோ சொன்னார், நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

நாளை வரை கடிக்கக் கூடாது என்பதை மாமனாரிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிகழ்ச்சியைத் தள்ளி வைத்திருப்பார். ஆனால் வழியெல்லாம் எதிரில் வந்தவர்களிடம் "என் மருமகதான் சரிபண்ணா" என்று சொல்லிக்கொண்டே வந்த மனிதரிடம் அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. இப்போது அந்தப் பல் விழுந்தால், அவருடைய ஓராண்டு உழைப்பும் இத்தனை பேர் முன்னால் கூடவே விழும்.

திரை விலகியது.

மேடை நடுவில் ஒரு பியானோ. கலைஞர் வெறுங்கையோடு வந்து தலை தாழ்த்தினார். கருவியை யாராவது எடுத்து வருவார்கள் என்று அவள் மேடை ஓரத்தையே பார்த்தாள். யாரும் வரவில்லை.

அவர் பியானோ முன் அமர்ந்தார். வாயை மூடிக்கொண்டார். கைகளை இறக்கினார்.

இடது கை ஒன்று சொல்ல, வலது கை அதை மறுத்துப் பேச, இரண்டும் சம்பந்திச் சண்டை போல மூண்டு, எங்கேயோ போய் ராசியாயின. அவள் தோள்கள் இறங்கின. மதியத்திலிருந்து கிட்டித்துக் கிடந்த தாடை தளர்ந்தது. அப்படியொரு மூச்சை அவள் அன்று அதுவரை விடவில்லை.

"மாமா, இவர் சாக்சஃபோன் இல்லையா?"

"பியானோம்மா. உனக்குத் தெரியாதா?"

"போஸ்டர்ல…"

"பியானோ படம் போட்டா ஃபர்னிச்சர் கடைத் தள்ளுபடின்னு நினைச்சுக்குவாங்க. ஜாஸுன்னா அந்த வளைஞ்ச குழாயைத்தான் ஜனங்களுக்குத் தெரியுது."

"அப்ப பல்லை எதுக்கு அவ்வளவு அவசரமா ஒட்டச் சொன்னீங்க?"

"கடைசியில எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்கணுமில்ல? முன்பல் இல்லாம சிரிச்சார்னா, விருந்தாளியை அடிச்சு அனுப்பிட்டோம்னு பேச்சு வரும்."

அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசைக்காரர்கள் அந்தத் தோள் குலுங்கலை இசையின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் மாமனாரிடம் அவள் அன்று சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை.

பசை தாங்குகிறதா என்று பார்க்க, மதியம் கிளினிக் மேசையிலிருந்த தடித்த மார்க்கர் பேனாவைத் துடைத்து நீட்டி, முன்பல்லால் லேசாகக் கடித்துக்கொண்டு ஊதுங்கள் என்று சைகையில் கேட்டிருந்தாள்.

ஊருக்கு ஊர் வைத்தியம் வேறு என்று நினைத்தாரோ என்னவோ, அவர் மிகுந்த மரியாதையோடு ஊதினார்.