யாரைக் கேட்டாலும் ஒரே பதில்

மெல்போர்னில் டேரனின் கேரவன் தொழிற்சாலையில் போன மாதம் ஒரு கூத்து. ஒரே வண்டிக்கு இரண்டு பேர் வெவ்வேறு வரைபடங்களை வைத்து வேலை பார்த்ததில், கதவைத் திறந்தால் அடுப்பில் போய் இடித்தது. இன்னொரு வண்டி இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

வரைபடங்களை ஒரே இடத்தில் காக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வடிவமைப்பாளர் லோர்னாவுக்கு. டேரனும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, முதல் விற்பனையாளரை அழைத்தார்.

"எங்க பழைய வரைபடத்தையெல்லாம் இதுல ஏத்த முடியுமா?"

"தாராளமா, லோர்னா! அப்புறம் உங்க ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்."

அடுத்து இன்னொருவரை அழைத்து அதையே கேட்டார்.

"பழசா? வாய்ப்பே இல்ல. எல்லாத்தையும் புதுசா வரையணும். ஆனா அப்புறம் பாருங்க, யாரைக் கேட்டாலும் ஒரே பதில்!"

டேரன் துள்ளினார். "முதல் கம்பெனியையே முடிச்சிடு. ரெண்டாவது கம்பெனி வேண்டவே வேண்டாம்!"

"எந்த ரெண்டாவது கம்பெனி? அவர் மெல்போர்ன் கிளை, இவர் சிட்னி கிளை. கம்பெனி ஒண்ணுதான், டேரன்."

டேரன் தலையில் கை வைத்தார். "அடப்பாவிகளா!"

"அடுத்த கம்பெனிக்குப் போன் போடட்டுமா? அங்க மூணு கிளை இருக்கு."