வீசாத பந்து

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா லக்ஷ்மிநாராயணன், அம்மா ருக்மிணி, தம்பி அபிநவ், இன்னும் சீருடையை மாற்றாத மாதங்கி. அவள் பந்து வீசும் ஹைதராபாத் பெண்கள் அணி அன்று டி20 அரையிறுதிக்குத் தகுதி பெற்றிருந்தது. வீட்டில் யாரும் வாழ்த்தவில்லை.

"கடைசிப் பந்துப்பா. அவங்களுக்கு ரெண்டு ரன் வேணும், ஒரே விக்கெட்தான் பாக்கி. நான் வீசறதுக்குள்ள என் பக்கம் நின்னவ கோட்டைத் தாண்டிட்டா. வீசாம ஸ்டம்ப்பைத் தட்டிட்டேன். ரூல்படி அவுட்தான்."

"ஹவ் ஹவ், ஆமாமா, பெரிய பௌலர்!" என்றான் அபிநவ். "பந்தே போடாம விக்கெட்."

"நக்கோடா, வாயை மூடு," என்றாள் அம்மா.

அப்பா நிமிரவில்லை. "முதல்ல ஒரு தடவை வார்ன் பண்ணினியா?"

"இல்ல."

"ஏன்?"

"வார்ன் பண்ணா ஜாக்கிரதையாயிடுவா. டென்ஷன்ல அவ எப்பவும் சீக்கிரம் கிளம்பிடுவான்னு தெரியும். அதுக்குத்தான் காத்திருந்தேன்."

"அந்த முழங்காலோட இதான் அவளுக்குக் கடைசி சீசன். அதுவும் தெரியுமில்ல?"

"தெரியும்ப்பா."

"அழுதாளா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. கை கொடுத்தா. என் முகத்தைப் பார்க்கல."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அன்று தோற்ற ரயில்வே அணியின் சட்டையோடு நித்யஸ்ரீ லேசாக நொண்டியபடி உள்ளே வந்தாள்.

"அக்கா..." என்று மாதங்கி எழுந்தாள்.

நித்யஸ்ரீ நிற்கவில்லை. சின்ன வயதிலிருந்து இருவரும் சேர்ந்து படுக்கும் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.