ஐந்தாவது ஆல்பம்

என் தம்பி விக்கி ஒரு எலெக்ட்ரானிக் டான்ஸ் குழுவுக்குப் புதிதாக ரசிகனாகியிருக்கிறான். அவர்களுடைய ஆல்பங்களை வெளிவந்த வரிசையில்தான் கேட்க வேண்டுமாம். இந்த மாவு மில் சத்தத்துக்கு வரிசை வேறு ஒரு கேடு.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவதைப் போட்டான். பாட்டின் நடுவே ஒரு மணி அடித்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து நின்றார். அவர் கோலார் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணி அடித்தவர். ஒருமுறை பாறை சரிந்து ஆட்கள் அடியிலேயே புதைந்துபோக, கூண்டு மட்டும் காலியாக மேலே வந்த கதையைச் சொல்லியே எங்கள் காதைப் புண்ணாக்கியவர்.

"ஆளுங்க மேல வர்ற மணிம்மா அது."

"எவனோ வெள்ளைக்காரன் போட்ட பாட்டுப்பா. சும்மா உக்காரு."

அவர் கதவைத் திறந்து, லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றார். பின்னாலேயே போனேன். யாரும் பட்டனை அமுக்கவில்லை. லிஃப்ட் எங்கள் மாடிக்கு வந்து திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. ஆனால், ஆள் அதிகமானால் அடிக்கும் பஸ்ஸர் அடித்துக்கொண்டே இருந்தது.

"விக்கி, அந்தக் கருமத்த நிறுத்துடா!"

"அப்பவே நிறுத்திட்டேன்க்கா."

அப்பா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"வழி விடும்மா. களைச்சுப் போய் வர்றாங்க."

நகர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸர் நின்றது.