ஓரம் பிய்ந்த ரொட்டி

"தியாகியோட அப்பா வரிசையில நிக்கறதா? நீங்க முன்னாடி போங்க ஐயா!"

ரொட்டிக் கடை வரிசை விலகி எஸ்கந்தருக்கு வழிவிட்டது. மகன் ஃபர்ஷாத் எல்லைப் போரில் இறந்ததிலிருந்து எங்கே போனாலும் அவருக்கு இதே மரியாதைதான். வாங்குவார், திரும்புவார். ஒரு வார்த்தை கிடையாது. வீட்டிலும் பேச்சில்லை, சரியான சாப்பாடும் இல்லை. முன்பெல்லாம் வழியிலேயே சூடான ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டு வருகிற மனிதர். இப்போதெல்லாம் ரொட்டி முழுசாகவே வீட்டுக்கு வந்தது.

தம்பியின் நாற்பதாம் நாள் துக்கச் சடங்குக்காகத் தப்ரீஸ் நகரிலிருந்து வந்த மகள் மஹீனுக்கு அதுதான் பயம். சடங்கு நேற்று முடிந்திருக்க, இன்று அவளும் கூடவே வந்து, பெண்கள் வரிசையில் நின்றிருந்தாள்.

"யாரும் விலக வேண்டாம்!" அடுப்படியிலிருந்து கடைக்காரர் முராத் கத்தினார். "எஸ்கந்தர் அண்ணே, கடைசியில போய் நில்லுங்க."

"என்ன மாமா பேசறீங்க?" என்றாள் மஹீன்.

"நியாயத்தைப் பேசறேன். ஏழு வருஷப் போர், போதாதா? நிறுத்தாதே, நிறுத்தாதேன்னு கத்தினவங்க நிக்கட்டும் வரிசையில."

"போன வாரம்கூடப் போர்முனைக்கு மூட்டை மூட்டையா ரொட்டி அனுப்பினியேய்யா! அதுக்குள்ள நாக்கு புரண்டுடுச்சா?" என்றார் ஒருவர்.

"இவனைப் பிடிச்சுக் கொடுக்கணும்" என்றார் இன்னொருவர்.

மஹீன் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "ரொட்டியே வேண்டாம். வாங்கப்பா, போகலாம்."

எஸ்கந்தர் கையை உதறினார்.

"அப்ப என் பையன் வீணாவா செத்தான்?"

"போர் வேண்டாம்னுதான் சொன்னேன். பையனைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா? அவன் தங்கம்."

"வீட்டுக்குள்ள திருடன் புகுந்தா நீ ரொட்டி சுட்டுக்கிட்டு இருப்பியாடா?"

"திருடனை விரட்டி அஞ்சு வருஷம் ஆச்சே அண்ணே. நாம ஏன் இன்னும் அவன் வீட்டு வாசல்ல நிக்கறோம்?"

"மறுபடி வரமாட்டான்னு நீ ஜாமீன் நிப்பியா, மாவு மூட்டை?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கத்திக்கொண்டே எஸ்கந்தர் வரிசையின் கடைசிக்குப் போனார். கத்திக்கொண்டே ஒவ்வோர் ஆளாக முன்னேறினார். முறை வந்ததும் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"இரு, நாளைக்கு வந்து வச்சுக்கறேன்!"

நாலடி போயிருப்பார். கூழாங்கல் பரப்பிய அடுப்பில் வெந்த ரொட்டியில் ஒட்டியிருந்த சுடுகல்லைத் தட்டிவிட்டு, ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டார்.

மஹீனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. அடுப்பருகே போய் நின்றாள்.

"நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனுக்கு நீங்க காட்டற மரியாதை இதுதானா மாமா?"

முராத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"போர் நடக்கணும்ங்கறதுதாம்மா இன்னைக்கும் என் கட்சி. நான் பேசினது முழுக்க உன் தம்பி பேச்சு. கட்டாயப் பட்டாளத்துக்குப் போற அன்னிக்கு இங்கேதான் ரொட்டி வாங்கினான். 'தினம் போரை நிறுத்தணும்னு சொல்லித்தான் அப்பாவோட சண்டை போடுவேன். நான் திரும்பலேன்னா, நாற்பது முடிஞ்சதும் என் கட்சியை நீங்க எடுத்துக்குங்க. எதிர்த்துப் பேச ஆள் இல்லேன்னா அவருக்குச் சாப்பாடு இறங்காது'ன்னான்."