விரல்கள் பார்த்தது

இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல அமலோற்பவம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இருபது வருடப் பழக்கத்தில் அவள் எழுத்துகளைக் குனிந்து பார்ப்பதேயில்லை; எந்த விரல் எங்கே இறங்க வேண்டுமென்று விரல்களுக்கே தெரியும். அதனால் கண்கள் சுவரோரம் கிடந்த கைதியின் மீதே இருந்தன. ஏட்டுகள் இருவர் அவன் விலாவில் மாறி மாறி மிதித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. வாயிலிருந்து ரத்தம் கொட்டி அவன் அடங்கிப்போனான்.

"எழுதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "தப்பியோடும்போது மாடிப்படியில் தானாகவே தவறி விழுந்தான்."

விரல்கள் தடதடவென ஓடி நின்றன. தாளை உருவிப் படித்தவரின் முகம் கறுத்தது. அதில் மாடிப்படியே இல்லை. மிதித்தவர்களின் பெயர்கள் இருந்தன.

"யாரைக் கேட்டுடி இதை அடிச்சே?"

"கண்ணு பார்த்ததைக் கை அடிச்சிருச்சு சார்."

லத்தி அவள் வலது கையில் இறங்கியது. மூன்று விரல்கள் முறிந்து தொங்கின. அலறி அடங்கியதும், இடது கையாலேயே புதுத் தாளைச் செருகினாள்.

"இப்ப ஒழுங்கா அடி. தப்பியோடும்போது..."

இடது கை தனியாக, நிதானமாகத் தட்டத் தொடங்கியது. முதலில் விழுந்தது இன்ஸ்பெக்டரின் பெயர்.