கரைக்கட்டை

மலையடிவார ஏரித்துறையில், தூறலில் நீராவிப் படகு நின்று உறுமுகிறது. அதன் தளம் முழுக்க அறுவை மில்லின் பலகைகள். நனையக் கூடாதாம், தார்ப்பாய் போர்த்தியிருக்கிறார்கள். அவற்றை அறுத்த ரம்பக்காரன் வெறும் தரையில் நனைந்து கிடக்கிறான். ரம்பம் வெட்டிய முழங்கையில் சுற்றிய சாக்கிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. ஆஸ்பத்திரி ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. "சரக்கே நெறஞ்சிருச்சு. அடுத்த நடையில ஏத்திக்கலாம்," என்கிறார் மில் மேஸ்திரி, எங்கோ பார்த்துக்கொண்டு. படகின் கயிறு கரைக்கட்டையில் சுற்றியிருக்கிறது. அதை இங்கிருந்துதான் அவிழ்க்க வேண்டும். ரம்பக்காரனின் மனைவி விறுவிறுவென்று போய் அந்தக் கட்டைமேல் உட்கார்ந்து, கயிற்றை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொள்கிறாள். படகின் சங்கு ஊதுகிறது. மலையும் திருப்பி ஊதுகிறது. "எந்திரிம்மா, கயித்த அவுக்கணும்," என்கிறார் மேஸ்திரி. அவள் கயிற்றை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள். "பலகைய எறக்கு. இல்லன்னா என்னையும் அறுத்துட்டுப் போ. உங்க மில்லுல ரம்பத்துக்கா பஞ்சம்?"