பத்மநாபன் சார் லேட்டாக வந்த நாள்

"இன்னிக்காவது கேட்டுடுவீங்களா, இல்ல இன்னிக்கும் 'எஸ் சார், ஷ்யூர் சார்'தானா?"

டீயை மேசையில் வைத்தபடி அஃப்சானா கேட்டாள். சிராஜ் லேப்டாப்பைத் திறந்தான். கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் திங்கட்கிழமை காலை எட்டு மணி ஆக இன்னும் ஐந்து நிமிடம். வாராவாரம் எட்டு மணிக்கு டீம் கால். அதை வீட்டிலிருந்தே முடித்துவிட்டு அவன் ஆபீசுக்குக் கிளம்புவான்.

"கேக்கறேன்மா. நேத்தே மெயில் போட்டுட்டேன், கால் முடிஞ்சதும் தனியா பேசணும்னு."

"எங்க உம்மா பாத்ரூம்ல விழுந்து ஒன்றரை மாசம் ஆச்சுங்க. அங்க அண்ணனும் அண்ணியும் காலைல வேலைக்குப் போனா, சாயங்காலம் வரை அவங்க தனியாத்தான் படுத்திருக்காங்க. நான் மட்டும் குழந்தை மலீஹாவைக் கூட்டிட்டுப் போயிடலாம். ஆனா உங்க மேல கால் போடாம அவ தூங்குவாளா சொல்லுங்க?"

உம்மா இருப்பது மலேசியாவில், பினாங்கில். ஆறே ஆறு மாதம் அங்கே போய் இருந்துகொண்டு, லேப்டாப்பில் இதே வேலையைப் பார்த்தால் என்ன? இங்கே ஒரு பெட்ரூமுக்குக் கொடுக்கும் வாடகையில் அங்கே கடலைப் பார்த்த வீடே கிடைக்கும். எல்லாம் சரிதான். ஆனால் மேனேஜர் பத்மநாபனிடம் யார் கேட்பது?

"அவர் பொல்லாத ஆளும்மா. போன வருஷம் எங்க டீம் ஸ்வர்ணா, ஒரே ஒரு மாசம் கோயம்புத்தூர்ல இருந்து வேலை பாக்கறேன்னு கேட்டாங்க. 'வொர்க் ஃப்ரம் ஹோம்னா, அந்த ஹோம் அமெரிக்கால இருக்கணும்'னு ஒரே போடா போட்டுட்டாரு. ராத்திரி முழிச்சு வேலை பாத்தா மூளை ஓடாதாம், உடம்பு கெட்டுப்போகுமாம். அரைமணி நேரம் கிளாஸ் எடுத்தாரு."

"அவர் மட்டும் டெக்சாஸ்ல வீட்ல உக்காந்துக்கிட்டு வேலை பாக்கலாமாக்கும்!"

"அவர் மேனேஜர். அதுவும் ரெண்டு வருஷமா ஒரு நிமிஷம்கூட லேட்டா வந்ததில்ல. இப்ப இருக்கற நிலைமைல வாயைத் திறந்து கேட்டு, அடுத்த லேஆஃப் லிஸ்ட்ல என் பேர் வந்துட்டா?"

2009 மார்ச் மாதம். சிராஜின் வரிசையிலேயே நான்கு நாற்காலிகள் காலி. பயப்படாமல் என்ன செய்வான் பாவம்!

அவன் கான்ஃபரன்ஸ் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான். ஸ்வர்ணா ஏற்கெனவே வந்திருந்தாள். எட்டு மணி ஆயிற்று. எட்டே கால் ஆயிற்று. பத்மநாபனைக் காணோம்.

"சிராஜ், இது கனவா நிஜமா?" என்றாள் ஸ்வர்ணா. "பத்மநாபன் சார் லேட்! பாவம், அவருக்கும் வயசாகுது. கால்ல எப்பப் பாத்தாலும் கொட்டாவி விடறாரு, கவனிச்சீங்களா? போன தடவை டெக்சாஸ்ல அவர் ஊர்ப் பக்கம் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனப்ப, வீட்டுக்கு வரட்டுமான்னு ஃபோன் பண்ணேன். வெளியூர்ல இருக்கேன்னுட்டாரு. ஒரு காபி குடுத்தா குறைஞ்சா போயிடுவாரு?"

சிராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டரைக்கு ஸ்வர்ணா, "எனக்கு வேற மீட்டிங் இருக்கு" என்று லைனை விட்டுப் போய்விட்டாள். அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். இன்று விட்டால் அடுத்த வாரம்வரை தைரியம் தாங்காது என்று அவனுக்கே தெரியும்.

சரியாக ஒன்பது மணிக்கு 'டிங்' என்றது.

"குட் மார்னிங், பத்மநாபன் பேசறேன். நான்தான் ஃபர்ஸ்ட்டா? எங்க ஒருத்தரையும் காணோம்?"

அஃப்சானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், சிராஜ் இருக்கேன். ஸ்வர்ணா அரைமணி நேரம் வெயிட் பண்ணிட்டுப் போயிட்டாங்க. மணி ஒன்பது ஆச்சு சார்."

"ஒன்பதா? எட்டு இல்ல?"

"நேத்து அமெரிக்கால எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சோமே சார், வருஷா வருஷம் மாத்தறது. மறந்துட்டீங்களா?"

மறுமுனையில் பத்மநாபன் "அடடா" என்று முனகினார். சிராஜ் போனைப் பார்த்தான். ஐயோ, மேனேஜருக்கே மணி சொல்லிக் கொடுத்துவிட்டோமே, போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான். அஃப்சானா அவன் தோளைக் கிள்ளி, 'கேளுங்க' என்று கண்ணைக் காட்டினாள்.

"சார்... அந்த மெயில் விஷயம். என் மாமியார் பினாங்குல படுத்த படுக்கையா இருக்காங்க. ஒரு ஆறு மாசம் அங்க இருந்து ரிமோட்டா வேலை பாக்க..."

"தாராளமா பாருங்க."

சிராஜுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை.

"சார், அந்த ஹோம் அமெரிக்கால இருக்கணும்னு நீங்கதானே..."

"அது போன வருஷம். ஆறு மாசம் என்ன, ஒரு வருஷம்கூட இருங்க. மத்தியானத்துல ரெண்டு மணி நேரம் தூங்கிப் பழகிக்கங்க, ராத்திரி கால் எல்லாம் சமாளிச்சுடலாம். ஸ்வர்ணாவுக்கும் கோயம்புத்தூர் ஓகேன்னு மெயில் போட்டுடறேன். ஆனா சிராஜ், இன்னிக்கு நான் லேட்டா வந்ததை யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிய வேண்டாம்."

"சேச்சே, சொல்ல மாட்டேன் சார்! ரொம்ப தேங்க்ஸ் சார்!"

அஃப்சானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஓடிப்போய் மலீஹாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்மநாபன் இப்போது வாய்விட்டே ஒரு கொட்டாவி விட்டார்.

"அப்புறம் சிராஜ், பினாங்கு போய்ச் சேர்ந்ததும் ஒரு ஃபோன் பண்ணுங்க. அங்கேர்ந்து எங்க வீட்டுக்கு பஸ்லயே வந்துடலாம்."